கல்லான கடவுளும் துளசியான பெண்ணும்



வாசகி ஒருவரின் கடிதம் வந்திருக்கிறது. அவருடைய கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர். வீடு வீடாக வரும் ஒருவர் ஒரு கறுப்புக் கல்லைக் காட்டி, “இது சாளக்கிராமம். கிடைத்தற்கரிய கல். வீட்டில் வைத்துப் பூசித்தால் போனவர் திரும்பி வருவார், கடனும் தீரும்” என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கிறாராம். “வாங்கலாமா? உண்மையில் அந்தக் கல் என்ன? பெண்கள், அதுவும் என்னைப் போன்ற பெண்கள், அதைத் தொடலாமா?” என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்.

முதற் கேள்விக்கு உடனேயே பதில் சொல்லிவிடுகிறேன். வாங்க வேண்டாம். சாளக்கிராமத்தை விற்பதும் விலை பேசி வாங்குவதும் பாவம் என்று அதைப் போற்றும் சாத்திரங்களே சொல்லுகின்றன. அது குருவிடமிருந்தோ பெரியவர்களிடமிருந்தோ கொடையாகவோ பரம்பரையாகவோ வரவேண்டியது. விலை சொன்ன இடத்திலேயே அந்த மனிதருடைய பக்தி எவ்வளவு என்று தெரிந்துவிடுகிறது. காணாமற் போனவரைக் கொண்டுவந்து தருவேன் என்று எந்தப் புராணத்திலும் அந்தக் கல் வாக்குக் கொடுத்ததில்லை. உங்கள் கையிலுள்ள காசு பிள்ளைகளின் படிப்புக்கு உரியது.

மற்ற இரண்டு கேள்விகளுக்கும் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தக் கல்லின் கதை ஒரு பெண்ணின் கதை. போரிலே கணவனை இழந்த ஒரு பெண்ணின் கதை.

கல் எப்படியிருக்கும்?

சாளக்கிராமம் நேபாள நாட்டில், இமயமலையின் வடபக்கத்திலுள்ள முஸ்தாங் பகுதியில், காளி கண்டகி ஆற்றில் கிடைப்பது. அங்கே ஏறத்தாழ 3,700 மீற்றர் உயரத்தில் முக்திநாத் என்ற கோயில் உண்டு. வைணவர்களின் நூற்றெட்டுத் திவ்விய தேசங்களில் ஒன்றாகிய சாளக்கிராமம் என்பது இதுவே என்பர். திருமங்கையாழ்வார் இத்தலத்தைப் பாடியிருக்கிறார். கோயிலின் பின்புறம் 108 நீர்த்தாரைகள் வரிசையாக விழுகின்றன. மழைக்காலத்தில் மலையிலிருந்து கல்லும் மண்ணும் அடித்துக்கொண்டு வரும் ஆறு, வெள்ளம் வடிந்ததும் கரையில் கறுத்த உருண்டைக் கற்களை விட்டுச் செல்லும். அவற்றுள் சிலவே சாளக்கிராமங்கள்.

வெளியே பார்த்தால் ஆற்றுநீர் உருட்டி மெருகேற்றிய கறுப்புக் கூழாங்கல். சிலவற்றில் ஒரு துவாரம் இருக்கும். அதனூடே பார்த்தால் உள்ளே சக்கரம் போன்ற வளையங்கள் தெரியும். சில கற்கள் இரண்டாகப் பிளந்தபடி கிடைக்கும். ஒரு பாதியில் சுருள் மேடாகவும் மற்றப் பாதியில் அதே சுருள் பள்ளமாகவும், அச்சில் வார்த்தது போலப் பதிந்திருக்கும். நடுவிலிருந்து விளிம்புவரை சுற்றுக்குமேல் சுற்றாக, வரிவரியாக அடுக்குகள். சில கற்களில் அந்த வரிகளிடையே பொன் போன்ற ஒரு மினுக்கமும் உண்டு. அது பொன் அன்று. இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு கனியம்.

சக்கரங்களின் எண்ணிக்கை, துவாரத்தின் அமைப்பு, நிறம் ஆகியவற்றைக் கொண்டு பெயர் வைப்பார்கள். ஒரே சக்கரம் இருந்தால் சுதர்சனம். மழைமேகம் போன்ற நிறத்தில், ஒரு துவாரமும் நான்கு சக்கரங்களும் இருந்தால் லக்ஷ்மி நாராயணம். இவ்வாறே மச்சம், கூர்மம், வராகம், தாமோதரம் என்று பலவகை உண்டு. இதைச் செதுக்கவோ பிரதிஷ்டை செய்யவோ தேவையில்லை. கடவுள் தானாகவே அதில் இருக்கிறார் என்பது நம்பிக்கை. சைவர்களுக்கு நர்மதை ஆற்றிலிருந்து வரும் பாணலிங்கம் எப்படியோ, அப்படி வைணவர்களுக்குச் சாளக்கிராமம். திருவனந்தபுரத்தில் பள்ளிகொண்ட பத்மநாப சுவாமியின் பெரிய திருமேனி 12,008 சாளக்கிராமங்களைச் சேர்த்துச் செய்யப்பட்டது என்பது அக்கோயில் மரபு.

கடலடியில் பிறந்த கல்

இனி விஞ்ஞானம் சொல்வதைப் பார்ப்போம். சாளக்கிராமத்தின் உள்ளே தெரியும் சுருள் ஒரு கடற்பிராணியின் ஓடு. அம்மோனைற்று என்று அதற்குப் பெயர். நம் கடலில் பிடிபடும் கணவாய்க்கும் சாக்குக்கணவாய்க்கும் மிகப் பழைய உறவுக்காரர். ஏறத்தாழ 14 கோடி முதல் 16 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்று இமயமலை நிற்கும் இடத்தில் தெதிசு என்றொரு கடல் இருந்தது. அதில் வாழ்ந்த அம்மோனைற்றுகள் இறந்து அடியிலுள்ள சேற்றில் அமிழ்ந்தன. ஓட்டைச் சுற்றிச் சேற்றிலுள்ள கனியங்கள் படலம் படலமாக இறுகின. மேலே இன்னும் சேறு படிந்தது. எல்லாம் கல்லாயிற்று. பின்னர், ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்திய நிலம் வடக்கே நகர்ந்து ஆசிய நிலத்தோடு மோதியது. கடலின் அடி மடிந்து உயர்ந்து மலையாயிற்று. அந்த மலையை ஆறு அரிக்கும்போது கல் வெளியே வருகிறது. கடற்கரையிலிருந்து மிகத் தொலைவில், பனிமலையின் உச்சியில், கடற்பிராணியின் ஓடு கிடைப்பதன் காரணம் இதுதான்.

கணவாய் கழுவி வெட்டுகிற நமக்கு அதன் முதுகிலிருக்கும் வெள்ளை ஓடு தெரியும். உடைத்துப் பார்த்தால் தாள் தாளாக மெல்லிய அடுக்குகள் தெரியும். அந்த அடுக்குகளின் இடையிலுள்ள வெற்றிடத்தில் காற்றும் நீரும் இருப்பதாலேயே கணவாய் மிதக்கிறது. அம்மோனைற்றும் அப்படியே. வளர வளர முன்னால் ஒரு பெரிய அறையைக் கட்டிக்கொண்டு அதில் குடிபோகும். பின்னாலிருக்கும் சிறிய அறையை ஒரு சுவரால் அடைத்துவிடும். ஆனால் அந்தப் பழைய அறைகளைக் கழற்றி எறிந்துவிடாது. அவற்றையெல்லாம் சுமந்துகொண்டே திரியும். அடைத்துவிட்ட அந்த அறைகள்தான் அதைத் தாழவிடாமல் மிதக்க வைத்தன. வலிகாமத்திலிருந்து தென்மராட்சி, அங்கிருந்து வன்னி, பின்னர் முகாம், பின்னர் மீள்குடியேற்றம் என்று வீடு வீடாக விட்டு வந்த நமக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை.

நம் குடாநாட்டு நிலமும் கடலில் பிறந்ததே. கிணறு வெட்டும்போது சுண்ணக்கல்லில் சிப்பியும் சங்கும் பதிந்து வருவதைப் பலர் கண்டிருப்பீர்கள். ஆனால் நம் கல் வயதில் மிக இளையது. அது உருவாகத் தொடங்குவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே, 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளின் முன், அம்மோனைற்று இனம் முற்றாக அழிந்துவிட்டது. ஆகவே யாழ்ப்பாணத்துக் கல்லில் அது இராது. தமிழ்நாட்டில் அரியலூர்ப் பக்கத்தில் அம்மோனைற்றுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஓடு அதே இனத்தது. ஆனால் கண்டகி ஆற்றில் பிறக்காததால் சாளக்கிராமம் என்ற பெயர் அதற்கில்லை. அப்படியானால் ஒரு கல்லைப் புனிதமாக்குவது கல் மட்டுமன்று, அதைச் சுற்றி மனிதர் சொல்லிவந்த கதையும்தான்.

இங்கிலாந்தில் விற்பி என்ற கடற்கரை ஊரில் இதே அம்மோனைற்றுகள் கிடைக்கின்றன. அங்கே அவற்றைப் பாம்புக்கல் என்றார்கள். 680ஆம் ஆண்டில் காலமான புனித ஹில்டா என்ற மடத்துத் தலைவி, மடம் கட்டவந்த இடத்திலிருந்த பாம்புகளையெல்லாம் செபித்துக் கல்லாக்கிவிட்டார் என்பது அவ்வூர்க் கதை. அங்கும் கல்லின் பின்னால் ஒரு பெண்தான் நிற்கிறார். முக்திநாத்திலும் கோயிலின் அருகே கல்லிடையே வெளிவரும் எரிவாயுவால் அணையாது எரியும் சுடரைப் பேணிவருவோர் பௌத்தப் பெண் துறவியரே.

துளசியின் கதை

தேவி பாகவதத்திலும் பிரம்ம வைவர்த்த புராணத்திலும் உள்ள கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சங்கசூடன் என்பவன் ஓர் அசுர வேந்தன். அவன் மனைவி துளசி. சங்கசூடனுக்கும் தேவர்களுக்கும் பெரும்போர் நடந்தது. அவனிடம் ஒரு கவசம் இருந்தது. அந்தக் கவசம் அவன் உடலில் இருக்கும்வரை, அவன் மனைவியின் கற்பு கெடாதிருக்கும்வரை, அவனைக் கொல்ல முடியாது. திருமால் அந்தணர் வேடத்தில் போய்க் கவசத்தைத் தானமாக வாங்கிக்கொண்டார். பின்னர் சங்கசூடனின் உருவத்திலேயே துளசியின் வீட்டுக்குப் போனார். போருக்குப் போன கணவன் உயிரோடு வந்துவிட்டான் என்று அவள் மகிழ்ந்து வரவேற்றாள். அதே வேளையில் போர்க்களத்தில் சிவபெருமானின் சூலத்தால் சங்கசூடன் மாண்டான்.

வந்தவர் தன் கணவர் அல்லர் என்பதைத் துளசி கண்டுகொண்டாள். “நீ யார்?” என்று கேட்டாள். அவர் தம் உண்மை உருவைக் காட்டினார். உலகம் காக்கும் கடவுள் என்று அறிந்த பின்பும் அவள் காலில் விழவில்லை. கல்நெஞ்சம் கொண்டு இதைச் செய்த நீ கல்லாகவே போ என்று சபித்தாள். அவர் அந்தச் சாபத்தை மறுக்கவில்லை. கண்டகிக் கரையில் கல்லாயினார். துளசியின் உடல் கண்டகி ஆறாயிற்று. அவளுடைய கூந்தல் துளசிச் செடியாயிற்று. வச்சிரகீடம் என்னும் புழுக்கள் அந்தக் கல்லைக் குடைந்து உள்ளே சக்கரங்களைச் செய்யும் என்பது புராணம். சங்கசூடனின் எலும்புகள் கடலில் சங்குகளாயின.

வேறு புராணங்களில் இதே கதை சலந்தரன், பிருந்தை என்ற பெயர்களில் வரும. சைவர்களாகிய நமக்கு அது புதிதன்று. அட்டவீரட்டத் தலங்களில் ஒன்றாகிய திருவிற்குடி, சிவபெருமான் சலந்தரனை அழித்த தலம்.

இந்தக் கதையைப் பிரசங்கங்களில் சொல்லும்போது பலர் விரைந்து முடிவுக்குப் போய்விடுவார்கள். “பார்த்தீர்களா, துளசிக்கு எவ்வளவு பெரிய பாக்கியம் கிடைத்தது” என்பார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வருவதில்லை. நடந்தது அநியாயம். தேவர்களுக்கு அந்தப் போரில் வெற்றி தேவைப்பட்டது. அந்த வெற்றிக்காக ஒரு பெண்ணின் வீட்டுக்குள்ளே போர் நுழைந்தது. போர் நடந்த எந்த நாட்டிலும் பெண்களுக்கு இது நடந்திருக்கிறது. புராணம் வென்றவர் பக்கம் நின்று சொல்லப்பட்டதே. ஆனாலும் அந்தப் பெண்ணின் வாயை அது அடைக்கவில்லை. அவள் கேட்டது உண்மையை. அவள் கொடுத்தது தீர்ப்பை. அந்தத் தீர்ப்பைக் கடவுளே தலைவணங்கி ஏற்றார். சாளக்கிராமத்துக்கு முன் கைகூப்பும் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு பெண்ணின் குற்றச்சாட்டு நியாயமானது என்று ஒப்புக்கொண்ட கடவுளையே கும்பிடுகிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏமாற்றப்பட்டவள் மேல் புராணம் எந்தக் கறையும் சுமத்தவில்லை. பொதுவாகப் பூசைக்குரிய பூவும் இலையும் வாடினால் ஆகாது, ஒருமுறை சாத்தியதை மறுமுறை சாத்தலாகாது. துளசிக்கு அந்த விதி இல்லை. வாடினாலும், நிலத்தில் விழுந்தாலும், முன்பு சாத்தியதாயினும், கழுவிவிட்டு மீண்டும் இறைவனுக்குச் சாத்தலாம். துளசிக்குப் பழமை என்ற தோஷம் கிடையாது என்பார்கள். போர்க்காலத்தில் தன் உடலுக்கு நேர்ந்ததை இன்றுவரை யாரிடமும் சொல்லாமல், தன்மேல் ஏதோ அழுக்குப் படிந்ததுபோல எண்ணி ஒதுங்கி வாழும் சகோதரி ஒருவர் இதை வாசித்தால், இந்தப் பந்தியை அவருக்காகவே எழுதினேன் என்று எடுத்துக்கொள்ளட்டும். வெட்கம் வேடம் போட்டு வந்தவருக்கு உரியது. வாசலைத் திறந்தவளுக்கு அதில் பங்கில்லை.

மூன்றும் ஓரிடத்தில்

சாளக்கிராம பூசையில் மூன்று பொருள்கள் ஒன்றாக இருக்க வேண்டும்: கல், துளசி, சங்கு. சங்கில் நீர் எடுத்துக் கல்லை நீராட்டித் துளசி சாத்துவர். இந்த மூன்றையும் ஓரிடத்தில் வைத்துக் காப்பவரே இறைவனுக்கு இனியவர் என்றும், துளசியைச் சாளக்கிராமத்திலிருந்தும் சங்கிலிருந்தும் பிரிப்பவர் தாமும் துணையைப் பிரிந்து வருந்துவர் என்றும் தேவி பாகவதம் சொல்கிறது.

சங்கு யார்? போரில் மாண்ட கணவன். துளசி யார்? அவனை இழந்தவள். கல் யார்? அந்த இழப்புக்குப் பொறுப்பேற்றவர். மாண்டவனின் எலும்பை அசுரனுடையது என்று யாரும் வீசிவிடவில்லை. அதை எடுத்துக் கோயிலுக்குள் வைத்து, அதிலேயே தீர்த்தம் எடுக்கிறார்கள். எந்தப் பக்கத்தில் நின்று மாண்டாலும் மாண்டவருக்கு நினைவும் மரியாதையும் உண்டு என்பதை இந்தப் பூசை நாள்தோறும் சொல்கிறது. இறந்தவரை நினைத்து ஒரு விளக்கேற்றவும் அஞ்சியிருந்த காலங்களைக் கண்டவர்கள் நாம். நமக்கு இதன் பொருள் நன்றாகவே விளங்கும்.

உண்மையைக் கேட்பதும் அப்படியே. 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி, கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் மனைவிமாரும் உட்கார்ந்து தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பதில் கிடைக்காமலே அவர்களில் பல தாய்மார் கண்மூடிவிட்டார்கள். “எவ்வளவு காலத்துக்குத்தான் கேட்பீர்கள், விட்டுவிட்டு வாழப்பாருங்கள்” என்று அவர்களுக்குப் புத்தி சொல்வோர் உண்டு. “நீ யார்? என் கணவன் எங்கே?” என்று துளசி கடவுளிடமே கேட்டாள். கேட்டது பிழை என்று கடவுள் சொல்லவில்லை.

தொடலாமா என்ற கேள்வி

பெண்கள் சாளக்கிராமத்தைத் தொடலாகாது என்று சில நூல்கள் விதிக்கின்றன. தீட்சை பெற்ற பெண்கள் பூசிக்கலாம் என்று வைணவ ஆசாரியர்களில் வேறு சிலர் எழுதியிருக்கிறார்கள். ஒரு பெண்ணின் சொல்லால் கல்லானவரை ஒரு பெண் தொடலாமா என்று கேட்பதே எனக்கு விந்தையாக இருக்கிறது. ஆனால் கோயில் வழக்கங்களோடு வாதாட நான் இங்கே வரவில்லை. நம் பகுதியில் சாளக்கிராமம் வைத்திருக்கும் வீடுகள் மிகக் குறைவு. நமக்கு அருகில் வேறு வழி இருக்கிறது. பருத்தித்துறைக்கு அண்மையில் வல்லிபுர ஆழ்வார் கோயிலில் மூலவராக இருப்பது சக்கரம். பிள்ளையில்லாத வல்லி நாச்சி என்ற பெண்ணின் மடியில் ஒரு மீன் பாய்ந்து சக்கரமாயிற்று என்பது அங்குள்ள ஐதிகம். மங்கலம் குறைந்தவள் என்று ஊர் ஒதுக்கிய ஒருத்தியின் மடியையே இறைவன் தேடி வந்தார். அந்தச் சக்கரத்தைக் கும்பிட யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொரு கேள்வி. கணவனை இழந்த பெண் நம் சமூகத்தில் எங்கே நிற்கிறாள்? பொன்னுருக்கலுக்குச் சுமங்கலிகளைத் தேடி அழைக்கிறோம். ஆலத்தி எடுக்கவும் அவர்களே வேண்டும். பதினைந்து, இருபது வருடம் கூலி வேலை செய்தும் தையல் தைத்தும் மகளை ஆளாக்கிய தாய், அந்த மகளின் கலியாணத்தன்று குசினிப் பக்கம் நிற்கிறாள். யாரும் போகச் சொல்லவில்லை. தானாகவே போய் நிற்கிறாள். கணவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத பெண்ணின் பாடு இன்னும் கொடியது. பொட்டு வைத்தால் ஒரு கதை, வைக்காவிட்டால் இன்னொரு கதை.

திருமாலின் பூசையில் துளசி இல்லாவிட்டால் எந்த நைவேத்தியமும் நிறைவாகாது. அந்தத் துளசி சுமங்கலியா? போரில் கணவனை இழந்தவள். அவளைத்தான் தலையிலும் மார்பிலும் சூடிக்கொள்கிறார். அவளைத்தான் முற்றத்தில் மாடம் கட்டி, சுமங்கலிப் பெண்கள் விளக்கேற்றிச் சுற்றி வருகிறார்கள். கார்த்திகை வளர்பிறைத் துவாதசியில் அவளுக்குக் கலியாணமே செய்து வைக்கிறார்கள். இதையெல்லாம் செய்துவிட்டு, வீட்டிலிருக்கும் துளசியைப் பின்கட்டுக்கு அனுப்புவது எந்தச் சாத்திரம்?

ஆகவே, சகோதரிகளே, கல் வாங்கும் எண்ணத்தை விடுங்கள். முற்றத்தில் ஒரு துளசிக் கன்று நட்டு வையுங்கள். காசு வேண்டாம், பக்கத்து வீட்டில் கேட்டால் தருவார்கள். நம் வெயிலுக்கு வேரில் ஈரம் காயாமல் காலையிலும் மாலையிலும் தண்ணீர் விட்டால் போதும். இருமலுக்கும் தடிமனுக்கும் பிள்ளைகளுக்கு உதவும். மாலையில் அதன் முன்னால் ஒரு விளக்கை வைத்து, போனவரின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மகளின் பொன்னுருக்கலுக்கு நாள் வைக்கும்போது, முதலில் போய் நிற்பது நான்தான் என்று வீட்டாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். உங்களுக்கு அந்த நிலை இல்லையென்றால், அப்படியொரு தாயை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆலத்தித் தட்டில் ஒரு பக்கத்தை அவர் கையில் கொடுங்கள்.